வெள்ளியங்கிரி மலை ஏறப் போறீங்களா? எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் ஆலாந்துறைப் பக்கம். கோவை காந்திபுரத்திலிருந்து மலையடிவாரமான பூண்டிக்குப் போகிற பஸ் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். அதனால் பிப்ரவரி பிறந்தாலே போன் வர ஆரம்பித்துவிடும். கூடப் படித்தவர்கள், பழைய ஆபீஸ்காரர்கள், கல்யாணத்தில் ஒரே ஒரு முறை பார்த்த தூரத்துச் சொந்தம் என்று எல்லாருக்கும் அதே பத்திருபது சந்தேகம்தான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். நான் ஒன்பது தடவை ஏறியிருக்கிறேன், ஒரு தடவை பாதியில் திரும்பியிருக்கிறேன். அந்தக் கதையும் கீழே வரும்.

வெள்ளியங்கிரி எங்க இருக்கு? ஈஷா ஆதியோகி சிலை இருக்குற இடம்தானே?

இல்லை, ரொம்பப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். 112 அடி ஆதியோகி சிலை 2017-இல் திறந்தது. அது மலையின் அடிவாரப் பகுதியில்தான் இருக்கிறது, ஆனால் மலைப்பாதை தொடங்குவது அங்கே இல்லை. நீங்கள் வர வேண்டியது பூண்டி. அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவரும் மனோன்மணி அம்மனும் இருக்கிற அடிவாரக் கோவில் இருக்கிறது, அதன் பின்பக்கமிருந்துதான் படி ஆரம்பிக்கிறது. கோவையிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்.

மலை மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. நொய்யல் ஆறு பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். உச்சி சுமார் 6,000 அடி. அங்கே பெரிய பாறைகளுக்கு நடுவே குகை மாதிரி ஓர் இடத்தில் சுயம்பு லிங்கம். கோபுரம், மண்டபம் எதுவும் இல்லை. தென்கயிலாயம் என்று சொல்வது இதைத்தான்.

எந்த மாசம் போகலாம்? டிசம்பர்ல லீவு இருக்கு, அப்ப வரலாமா?

வர முடியாது. மலையேற வனத்துறை அனுமதிப்பது வழக்கமாக பிப்ரவரியிலிருந்து மே கடைசி வரைதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாதை முழுக்க வழுக்கும், அட்டை ஏறும், யானை நடமாட்டமும் இருக்கும். தேதி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் முன்னே பின்னே அறிவிப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். டிசம்பரில் வந்தால் அடிவாரக் கோவிலில் நன்றாகக் கும்பிட்டுவிட்டு வரலாம், அது வருஷம் முழுக்கத் திறந்திருக்கும்.

"தெரிஞ்ச ஆள் இருந்தா உள்ள விடுவாங்களாமே" என்று கேட்பவர்களுக்கு: என்னைத் தெரிந்த ஆளாக நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

ஏழு மலைன்னா ஏழு தடவை ஏறி ஏழு தடவை இறங்கணுமா?

அப்படி இல்லை. உச்சிக்குப் போக ஏழு மலை தாண்ட வேண்டும், ஆனால் அவை ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்பதற்குச் சின்ன தூரம்தான், ரோட்டில் நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். இங்கே கணக்கு வேறு.

முதல் மலைதான் ஆளைச் சோதிக்கிற மலை. கல் படிதான், ஆனால் ஒரு படி அரை அடி, அடுத்த படி முழங்கால் உயரம். உடம்பு இன்னும் சூடாகியிருக்காது, உற்சாகத்தில் வேகமாகப் போய்விடுவோம், வெள்ளைப் பிள்ளையார் கோவில் வருவதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கும். திரும்பிப் போகலாமா என்று நினைக்காத ஆளே கிடையாது, நான் ஒன்பது முறையும் நினைத்திருக்கிறேன். இரண்டும் மூன்றும் அதே மாதிரிதான் கொஞ்சம் படி, கொஞ்சம் பாறை. வழுக்குப் பாறை, பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை எல்லாம் இந்தப் பகுதியில் வரும். வழுக்குப் பாறையில் காலுக்குப் பிடிமானமாகச் செதுக்கியிருப்பார்கள், இருந்தாலும் ஈரமாக இருந்தால் தடியை ஊன்றிவிட்டுத்தான் அடுத்த அடி.

நாலாவது மலைக்கு வந்ததும் கொஞ்சம் மூச்சு வரும். நாலும் ஐந்தும் பெரும்பாலும் நடைதான், காற்று குளிர ஆரம்பிக்கும். ஒட்டர் சித்தர் சமாதி, பீமன் களியுருண்டை என்று சொல்கிற பெரிய உருண்டைப் பாறை எல்லாம் இந்தப் பக்கம் வரும். மேலே ஓரிடத்தில் மண் வெளுப்பாக இருக்கும், அதைத் திருநீறாக எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார்கள். அப்புறம் ஆறாவதில் ஓர் இறக்கம், கீழே ஆண்டி சுனை. இறங்குகிறோமே என்று சந்தோஷப்பட வேண்டாம், நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஏழாவது மலை மரமே இல்லாமல் மொட்டையாக நிற்கும். சுவாமி முடி மலை என்பது அதுதான். இருட்டில் ஏறினால் அதன் மேல் டார்ச் வெளிச்சம் எறும்பு வரிசை மாதிரி நெளிந்து போவது தெரியும். அழகாக இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? நான் பழனி 693 படியையும் நிக்காம ஏறினவன்.

பழனியை இதோடு சேர்க்காதீர்கள், முதல் மலையிலேயே அந்த நினைப்பு போய்விடும். பழக்கமில்லாதவர்களுக்கு ஏற நாலிலிருந்து ஆறு மணி நேரம், இறங்க மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். கூட்டம் இருந்தால் இன்னும் கூடும். நாலு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் பார்த்ததெல்லாம் முன்னால் போனவரின் முதுகு மட்டும்தான்.

ராத்திரி ஏறுறது நல்லதா, பகல்லயா?

பெரும்பாலோர் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலையில் உச்சிக்குப் போகிற மாதிரி கிளம்புவார்கள். வெயில் இல்லை, தண்ணீர் குறைவாகச் செலவாகும், சூரியன் உதிப்பதை மேலே நின்று பார்க்கலாம், வானம் தெளிவாக இருந்தால் சிறுவாணி நீர்த்தேக்கம்கூடத் தெரியும். இதெல்லாம் லாபம். நஷ்டம் என்னவென்றால் தூக்கம். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் அரைத்தூக்கம் தூங்கி, நேராக மலையில் கால் வைப்பவர்கள்தான் நாலாவது மலையில் உட்கார்ந்துகொண்டு தலை சுற்றுகிறது என்பார்கள்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி நேரமாவது தூங்க முடிந்தால் ராத்திரி ஏறுங்கள். முடியாது என்றால் விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பியுங்கள். முதல் மூன்று மலையும் மரநிழல்தான், வெயில் அவ்வளவாகத் தெரியாது. அன்றன்றைக்கு எந்த நேரம் மலைக்கு விடுகிறார்கள் என்பதை அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

முதலில் மூங்கில் தடி. அடிவாரத்திலேயே விற்பார்கள். "நமக்கெதுக்கு, வயசானவங்களுக்குத்தான் அது" என்று தாண்டிப் போகாதீர்கள். இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால். வாங்கும்போது தரையில் ஊன்றி உடம்பின் பாரத்தை ஒரு தடவை அதன் மேல் போட்டுப் பாருங்கள், விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் ஆளுக்கொரு டார்ச். நாலு பேருக்கு ஒரு போன் வெளிச்சம் என்பது வேலைக்கு ஆகாது, போன் சார்ஜும் போய்விடும், மேலே சிக்னலும் சரியாக இருக்காது. ஒரு ஸ்வெட்டர் அல்லது கனமான துண்டு. ஏறும்போது வியர்வையில் சட்டை நனைந்திருக்கும், ஏழாவது மலையில் காற்று அடித்தால் பல் கிட்டும், அதனால் மாற்றுச் சட்டை ஒன்று. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், குளுக்கோஸ். இரண்டு லிட்டர் தண்ணீர். மேற்கொண்டு ஒரு பொருள் எடுக்கும்போதும் ஏழு மலை இதை நான்தான் சுமக்கணும் என்று யோசித்துவிட்டு எடுங்கள். என்னோடு வந்த ஒருவர் ட்ரைபாட் தூக்கி வந்து, மூன்றாவது மலைக்கு மேல் அதை ஆளாளுக்கு முறை வைத்துச் சுமந்தோம்.

தண்ணி பாட்டில், பிஸ்கட் எல்லாம் விடமாட்டாங்களாமே?

விடுவார்கள், ஆனால் சோதனை உண்டு. இது போளுவாம்பட்டி வனச்சரகத்துக் காடு. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு சின்ன முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திரும்பி வரும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். பிஸ்கட், சிப்ஸ் மாதிரி உறைகளைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காகிதத்தில் மாற்றிக் கொடுப்பார்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி, சாராயம் எதுவும் கூடாது. கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

வீட்டிலிருந்தே துணிப்பையில் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வந்தால் இந்த வரிசையில் நிற்க வேண்டியதே இல்லை.

மேல சாப்பாடு கிடைக்குமா?

சீசனில் வழியில் அங்கங்கே சின்னக் கடைகள் இருக்கும். சுக்குக் காபி, சோடா, எலுமிச்சை ஜூஸ், வெள்ளரிக்காய் இந்த மாதிரி. விலை கீழே இருப்பதைவிட அதிகம்தான். "ஒரு சோடாவுக்கு இவ்வளவா" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் வெறுங்கையோடு மூச்சு வாங்கி ஏறிய அதே பாதையில் அந்தப் பாட்டில்களைத் தலைச்சுமையாகத் தூக்கி வந்த ஆளிடம் பேரம் பேச எப்படி மனசு வருகிறது?

ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். இரண்டு இட்லி போதும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை முதல் மலையிலேயே பார்த்திருக்கிறேன், அதை விவரிக்க விரும்பவில்லை.

செருப்பு போட்டுட்டு ஏறலாமா, பாவமா?

வெறுங்காலோடு ஏறுவதுதான் பழைய வழக்கம், இன்றைக்கும் நிறையப் பேர் அப்படித்தான் ஏறுகிறார்கள். முடியாதவர்கள் ஷூ போட்டு ஏறி, ஏழாவது மலைக்கு முன்னால் கழற்றிவிடுவதும் நடக்கிறது. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பழக்கமே இல்லாமல் வேண்டுதலுக்காக வெறுங்காலில் ஏறுவதாக இருந்தால், ஒரு மாசம் முன்னாலிருந்து தினமும் கொஞ்ச நேரம் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். புது ஷூ மட்டும் வேண்டவே வேண்டாம், அதற்கு வெறுங்காலே மேல்.

கை தட்டினா சுனையில தண்ணி வருமாமே? அதைக் குடிக்கலாமா?

கைதட்டி சுனைக்குப் பெயர் வந்ததே அந்த நம்பிக்கையில்தான். நானும் தட்டியிருக்கிறேன், எல்லாரும்தான் தட்டுவார்கள். பாறையிடுக்கில் கசிந்து வருகிற தண்ணீர், குளுகுளுவென்று இருக்கும். மாசியில் நன்றாகவே வரும், சித்திரை கடைசியில் நூல் மாதிரி ஒழுகும், அப்போது பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். குடிக்கிறவர்கள் குடிக்கிறார்கள், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனால் சுனையை மட்டும் நம்பித் தண்ணீர் எடுக்காமல் போகாதீர்கள். தயவு செய்து சுனைக்குள் காலைக் கழுவாதீர்கள், கீழே இன்னொருவர் பாட்டில் பிடித்துக்கொண்டிருப்பார். குளிக்க நினைத்தால் ஆண்டி சுனை இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர், விடியற்காலை மூன்று மணி, சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

யானை வருமா?

யானைக்காடுதான் இது. கூட்டமும் சத்தமும் இருக்கிற பாதையில் அது சாதாரணமாக வருவதில்லை. நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது மலையில்கூட இல்லை, பூண்டிக்கு வருகிற ரோட்டில்தான். பொழுது சாய்ந்த பிறகு பைக்கில் வந்தால் மெதுவாக வாருங்கள், வழியில் இறங்கி நின்று போட்டோ எடுக்காதீர்கள், குறுக்குப் பாதை என்று யாராவது காட்டினால் போகாதீர்கள். எங்கள் ஊர்த் தோட்டங்களிலேயே ராத்திரியில் வாழையைத் தின்றுவிட்டுப் போகும்.

எனக்கு பிரஷர் இருக்கு, மாத்திரை போட்டுட்டு ஏறலாமா?

இந்தக் கேள்விக்கு நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்வதில்லை. 2024 சீசனில் மூச்சுத்திணறல், மாரடைப்பு என்று அடுத்தடுத்து ஆட்கள் இறந்த செய்தி வந்தது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷர், சர்க்கரை இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. உங்கள் டாக்டரிடம் "மலைக்குப் போகிறேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அவர் ஊட்டியை நினைத்துக்கொள்வார். ஐந்து மணி நேரம் நிற்காமல் செங்குத்தாகப் படி ஏறப் போகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள்.

வியாதி எதுவும் இல்லாத இளவட்டங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, கண் இருட்டுவது என்று எது வந்தாலும் உடனே உட்காருங்கள், கூட வந்தவரிடம் சொல்லுங்கள். கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று மறைக்கிற பையன்கள்தான் அதிகம்.

எனக்கு 26 வயசு, பொண்ணு. நான் ஏறக்கூடாதா?

இந்த மலையில் இருந்துவரும் வழக்கம், பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளும் ஐம்பதைத் தாண்டிய பெண்களும்தான் ஏறுவது. மற்றவர்கள் அடிவாரக் கோவிலோடு திரும்புவார்கள், அங்கே எந்தக் கட்டுப்பாடும் இல்லை. காட்டுப்பாதை, ராத்திரி என்று காரணம் சொல்வார்கள். என் அக்கா இதைக் கேட்டுக் கோபப்படுவாள், அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. என் பெரியம்மா 58 வயதில் ஏறினார். வழியெல்லாம் நாங்கள்தான் அவரை "நில்லுங்க பெரீம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனோம்.

பையனுக்கு ஏழு வயசு. நல்லா ஓடுவான். கூட்டிட்டுப் போலாமா?

ஏறிவிடுவான், சந்தேகமே இல்லை. இறங்கும்போது தூக்கம் வரும், அப்போது அவனை யார் தூக்குவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பகலில், கூட்டமில்லாத வார நாளில் போங்கள்.

சித்ரா பௌர்ணமிக்குப் போனாத்தான் விசேஷமா?

மகா சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும்தான் கூட்டம் உச்சத்தில் இருக்கிற நாட்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் ஏறுவது தனி அனுபவம்தான், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஏழாவது மலையில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, குகைக்குள் சாமி முன்னால் ஐந்து நொடி நிற்பதற்குள் "நகருங்க நகருங்க" என்பார்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது, பிப்ரவரியில் ஒரு செவ்வாய் புதன்கிழமை. பத்து நிமிஷம் லிங்கத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மேல இருக்கும்போது மழை வந்தா என்ன பண்றது?

ஏப்ரல், மே மாசங்களில் மத்தியானத்துக்கு மேல் கோடை மழை இடியோடு வரும். ஏழாவது மலை மொட்டை என்று மேலே சொன்னேன் இல்லையா, அங்கே ஒதுங்க இடமில்லை. கருமேகம் திரண்டால் ஏழாவது மலையில் ஏற ஆரம்பிக்காதீர்கள், ஏற்கெனவே மேலே இருந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சீக்கிரம் இறங்குங்கள்.

நான் பாதியில் திரும்பியது இப்படித்தான். மே மாசம், ஆண்டி சுனை வரைக்கும் போய்விட்டோம், பெருமழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் எதிரே பாறையில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. கூட வந்த இரண்டு பேர் "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று இழுத்தார்கள். எங்களோடு வந்த என் மாமாதான் அங்கிருந்தே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "அவரு எங்கயும் போகப் போறதில்ல, வாங்கடா" என்று முதல் ஆளாகத் திரும்பி நடந்தார்.

அப்ப ஆறாவது மலையோட திரும்பினா, போய்ட்டு வந்த கணக்குல சேருமா?

மேலே ஒன்பது தடவை என்று எழுதியபோது அந்த மே மாசத்தை நான் சேர்க்கவில்லை. மாமா சேர்த்துத்தான் சொல்வார்.

இறங்குறது ஈஸிதானே?

என்னிடம் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏறுவதைப் பற்றி மட்டுமே கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். கஷ்டம் இறங்குவதில்தான். ஏறும்போது வாங்குவது மூச்சு, உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பு பாரம் முழுக்க முட்டியில் இறங்கும், ராத்திரி தூங்கியிருக்க மாட்டீர்கள், வெயில் ஏறியிருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும். முதல் மலையின் கடைசிப் படிகளில் கால் தானாக நடுங்கும், நிறுத்தினாலும் நிற்காது. ஏறும்போது ஓரமாக நின்ற பாட்டியைத் தாண்டி ஓடிய பையன்கள், இறங்கும்போது பக்கவாட்டில் நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக வருவார்கள்.

தண்ணீரில் பாதி இறக்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடாதீர்கள், தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றிவிட்டுக் காலை வையுங்கள். மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வாருங்கள், மாடிப்படி இறங்க முடியாது. நான் முதல் தடவை போய்வந்து மூன்று நாள் வீட்டுப் படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

நடுவுல சுத்தமா முடியலைன்னா?

உட்காருங்கள், உப்பும் சர்க்கரையும் போட்டு ஏதாவது குடியுங்கள், அரை மணி நேரம் பாருங்கள். அப்போதும் முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள், கூட ஒருவரும் கட்டாயம் வர வேண்டும், தனியாக அனுப்பாதீர்கள். கால் பிசகிவிட்டால் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள், கீழே தகவல் போகும், டோலி கட்டித் தூக்கி வருவார்கள். ஆனால் அந்தப் படிகளில் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு மணிக்கணக்காகும். கடைசி நிமிஷம் வரை சமாளித்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இறங்குனதுக்கு அப்புறம் அந்தத் தடியை என்ன பண்றது? தூக்கிப் போடலாமா?

மலையிலேயே போட்டுவிட்டு வரக்கூடாது என்பார்கள். பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு வருவது கொஞ்சம் அவஸ்தைதான், ஆனால் பூண்டி பஸ்ஸில் எல்லார் கையிலும் அது இருக்கும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீட்டில் பூஜை அறை மூலையில் வைப்பவர்கள் உண்டு. அடுத்த வருஷமும் அதே தடியைக் கொண்டுவந்து ஏறுபவர்களும் உண்டு, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் மூன்று இருந்தது. ஒன்றை அம்மா அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டார், கேட்டால் "அதுவும் ஏறட்டும்" என்கிறார்.